தீவுக்கு ஒரு டைமிங்

தமிழா? பேசுறது காதுல விழுந்துச்சு, அதான் கேட்டேன். உக்காருங்க தம்பி. இந்த பெஞ்சு ரெண்டு பேருக்குத் தாராளம். இந்த வாடகை வண்டிக்காரங்க பேப்பர்ல கையெழுத்து வாங்கி, வண்டியைச் சுத்திக் காட்டி, சாவியைக் கையில கொடுக்க எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். காலைல ஏழேகால்ல இருந்து பாத்துக்கிட்டேதானே இருக்கேன். உங்களுக்கு முன்னாடி ஆறு குடும்பம் கிளம்பிப் போயிருச்சு. உள்ள நிக்கிறது உங்க வீட்டம்மாவா? அவங்கதான் ஓட்டுவாங்களா? சரி சரி.

அதோ ஓரமா நிக்குது பாருங்க, பச்சைக் கோடு போட்ட வெள்ளை வேன். அது எங்களுது. நாலு பேர் படுக்கலாம். அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணித் தொட்டி எல்லாம் உள்ளயே. எட்டு மணிக்கு எடுக்க வேண்டிய வண்டி. இப்ப மணி என்ன? பன்னெண்டு பத்து. நாலு மணி பத்து நிமிஷம் லேட். அந்த கவுண்டர் பொண்ணு ரெண்டு தடவை வந்து டீ வேணுமான்னு கேட்டுட்டா. எனக்கு டீயா இப்ப முக்கியம்? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது தம்பி. தெரிஞ்சிருந்தா இந்நேரம் இங்க உக்காந்திருப்பேனா.

நான் ராஜமாணிக்கம். ஆத்தூர் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவன், ரிட்டயர்ட் ஆகி நாலு வருஷம். டைம் கீப்பர்னா தெரியும்ல? விசில் ஊதி "எடு, எடு"ன்னு வண்டியைக் கிளப்பி விடுறவன். சேலம் வண்டி ஒரு நிமிஷம் கூட நின்னா பின்னாடி நிக்கிறவன் சண்டைக்கு வந்துருவான். முப்பத்தொரு வருஷம் அந்த விசில். இப்ப வீட்ல சும்மா உக்காருன்னா உக்கார வரல. கால் ஆடிக்கிட்டே இருக்கும். பாருங்க, இப்பவும் ஆடுது.

விஷயத்தைச் சொல்லிடறேன். உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, இனிமே உங்களை எங்க பாக்கப் போறேன். எனக்கு ஒரே பொண்ணு, சுபாஷிணி. மெல்போர்ன்ல வேலை. ஆறு மாசமா மாப்பிள்ளையை விட்டுட்டுத் தனியா இருக்கா. எந்த வீட்ல இருக்கான்னு அவருக்குத் தெரியாது. எங்களுக்கே தெருப் பேரைச் சொல்லல, இந்தத் தடவை வந்துதான் பாத்தோம். அடிதடி இல்ல, குடி இல்ல. மாப்பிள்ளை நவநீதன் தங்கமான ஆளு. பொண்ணு பாக்க பத்தரைக்கு வர்றோம்னு சொன்னாங்க. பத்து இருபத்தொம்பதுக்கு வாசல்ல செருப்பைக் கழட்டுறார். அந்த இடத்துலயே நான் முடிவு பண்ணிட்டேன். பொண்ணையும் கேட்டோம், கேக்காம இல்ல. "உங்களுக்குப் பிடிச்சிருக்கில்லப்பா"ன்னா. அப்புறம் என்ன?

அவ ஆபீஸ் போய்ச் சேந்தாளா, சாப்பிட்டாளா, யாரோட உக்காந்து சாப்பிட்டா, வர்ற வழியில எதுக்குப் பத்து நிமிஷம் கார் நின்னுச்சு, எல்லாம் கேப்பார். அவ எங்க போனாலும் அவர் போன்ல புள்ளியாத் தெரியும். கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு தினமும் பாத்துக் குறிச்சு வெப்பார். அக்கறை இல்லாதவன் இதெல்லாம் செய்வானா, சொல்லுங்க? டிப்போவுல நாங்க டிரிப் ஷீட் எழுதுற மாதிரிதான். இதைப் போய் மூச்சு முட்டுதுன்னா என்ன அர்த்தம்?

நானும் கேட்டேனே. "என்னம்மா குறை?"ன்னு போன்ல கேட்டேன். "நெஜமாவே கேக்கறீங்களாப்பா? சொல்லவா?"ன்னா. சொல்லுன்னு சொல்லிட்டு மணியைப் பாத்தேன், ஒம்பது. மாத்திரை நேரம். போனை அவ அம்மாகிட்ட கொடுத்துட்டேன். அதுக்கப்புறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கல. பெரிய குறையா இருந்தா மறுபடி எடுத்திருப்பால்ல?

அப்படி இருக்கும்போதுதான் நவம்பர்ல ஒரு நாள் அவளே கூப்பிட்டா. "நீயும் அம்மாவும் வாங்கப்பா. தாஸ்மேனியான்னு ஒரு தீவு. கார் எடுத்துச் சுத்திப் பாக்கலாம். மலை, கடல், ஏரி எல்லாம் இருக்கு. நான் ஓட்டுறேன், பிளானை நீ போடு"ன்னா. சின்னப் பிள்ளைல கூப்பிட்ட மாதிரி நீ வா போன்னு கூப்பிட்டா. எனக்குச் சந்தோஷம் தாங்கல. பிளான் போடுன்னு ஒருத்தர் என்கிட்ட சொல்லி நாலு வருஷமாச்சே. அன்னிக்கு மேப்பை விரிச்சுப் பாத்தப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. தீவு! மெல்போர்ன்ல வெச்சு மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்தா அடுத்த டிராம்ல ஏறிப் போயிடுவா. தீவுல எங்க போவா? சுத்திச் சுத்தி அதே ரோட்டுலதானே வந்தாகணும்? ஒன்பது நாள் ரெண்டு பேரையும் ஒரே வண்டியில உக்கார வெச்சுட்டா தானாப் பேச்சு வரும். பேச்சு வந்தா எல்லாம் சரியாப் போயிடும். அதுதான் தம்பி பிளானே. மலை, கடலெல்லாம் அப்புறம்.

அவ சின்ன கார் போதும், ராத்திரிக்கு அங்கங்க ரூம் போட்டுக்கலாம்னா. நான்தான் வேன் வேணும்னு பிடிவாதம் பிடிச்சேன். ரூம்னா தனித்தனிக் கதவு. வேன்ல ஒரே கதவு.

அப்புறம் உக்காந்து டைமிங் போட்டேன். இதோ, பாக்கெட்லதான் இருக்கு. பிரிச்சுப் பாருங்க, பரவாயில்ல. ரெண்டு மாச வேலை. நம்ம ஊர்ல இருந்தே தேதி காலண்டர் தாளு ஒன்பதையும் கிழிச்சு எடுத்துட்டு வந்தேன். எனக்கு இதுல ரொம்ப நம்பிக்கையெல்லாம் கிடையாது, ஆனா காரியம் பெரிசு பாருங்க. தினம் ஒரு திசையில சூலம். சூலம் இருக்கற பக்கமாப் பயணம் போகக் கூடாது. நேரா ஒரு ஊருக்குப் போயிட்டுத் திரும்பறதுன்னா சமாளிச்சுடலாம். தீவைச் சுத்தணும்னா நாலு திசையும் வருமே! நாலு நோட்டு வீணாப் போச்சு. கடைசியில விழுந்துச்சு பாருங்க வழி. வியாழக்கிழமை தெற்கே சூலம், நாம வடக்கே கோல்ஸ் பே போறோம். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அன்னிக்கும் வடக்கே, செயின்ட் ஹெலன்ஸ். சனிக்கிழமை கிழக்கே சூலம், நாம மேற்கே லான்செஸ்டன். ஞாயிறு ஓய்வு. திங்கள் மறுபடி மேற்கே, கிரேடில் மலை. செவ்வாய் வடக்கே சூலம், நாம தெற்கே இறங்கறோம். புதனும் வடக்கேதான், நாம கிழக்கே இதே ஹோபர்ட்டுக்குத் திரும்பறோம். மிச்ச ரெண்டு நாள் இங்கயே. ஒரு நாள் கூட இடிக்கல! ராகு காலத்தையும் இந்த ஊர்ச் சூரியனுக்குத் தகுந்தாப்புல திருத்திட்டேன். இங்க இப்ப பகல் பதினஞ்சு மணி நேரமாச்சே. இன்னிக்கு மூணு மணிக்குத்தான் ராகு காலம் ஆரம்பம். அதனால மாப்பிள்ளை கோல்ஸ் பேயில வந்து நிக்க வேண்டிய நேரம் ரெண்டு நாப்பது. தற்செயலா வந்த மாதிரி. அவளுக்குச் சொல்லல, சொன்னா வர மாட்டா.

இதை விரிச்சு வெச்சு என் வீட்டம்மாகிட்ட காட்டினேன். தமயந்தி அதிகம் பேச மாட்டா. மார்க்கெட்டுக்குப் போனாலும் இருபது நிமிஷத்துல வந்துருவா, அப்படி ஒரு பழக்கம். விரலால தீவைச் சுத்திப் பாத்துட்டு, "ஏங்க, இது இடமால்ல சுத்துது?"ன்னா.

"அதனால என்ன?"ன்னேன்.

"கோயிலை வலமாச் சுத்துவாங்க. சாவுக்குத்தான் இடமாச் சுத்துவாங்க. பொண்ணு வாழ்க்கைக்குன்னு போறோம்ங்கறீங்க."

"தீவு என்ன கோயிலாடி?"

"அப்ப சூலம் மட்டும் தீவுக்கு உண்டா?"ன்னு கேட்டா தம்பி. முப்பத்தாறு வருஷத்துல அப்படி ஒரு எதிர்க்கேள்வி அவ கேட்டு நான் பாத்ததில்ல. எனக்குக் கோபம் வந்துருச்சு. டைமிங் தெரியாதவங்க டைமிங்ல வாயை வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். "சரிங்க"ன்னு எந்திரிச்சுப் போயிட்டா. அவ்வளவுதான். அப்புறம் மாப்பிள்ளைக்கு அனுப்ப இந்தத் தாளை போட்டோ எடுத்தப்ப, ஃபேன் காத்துல சுருண்டுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு ஓரத்தையும் அவதான் அமுக்கிப் பிடிச்சிருந்தா. "யாருக்குங்க அனுப்பறீங்க?"ன்னா. சொன்னேன். நல்லா விழுந்துச்சு போட்டோ, ஒவ்வொரு எழுத்தும் தெரியுது.

நேத்து விமானத்துல இந்த ஹோபர்ட்ல வந்து எறங்கி, ஒரு ரூம்ல தங்கினோம். காலைல நான் முன்னாடியே வந்துட்டேன், டயர், லைட்டு, எல்லாம் பாக்கணும்ல. அவங்க ரெண்டு பேரும் பெட்டியோட எட்டு மணிக்கு வரணும். எட்டாச்சு, எட்டேகாலாச்சு. சரி, பொம்பளைங்க கிளம்புறதுன்னா அப்படித்தான்னு இருந்தேன். எட்டு இருபதுக்கு தமயந்திகிட்ட இருந்து மெசேஜ் வருது. டைப் பண்ணத் தெரியாது அவளுக்கு, பேசி அனுப்பியிருக்கா. கேளுங்களேன். வேண்டாம், நானே சொல்றேன், எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. "ஏங்க, நானும் சுபாவும் சின்ன கார்ல கிளம்பிட்டோம். நேத்தே வேற இடத்துல எடுத்து வெச்சுட்டா. வலமாப் போறோம். நீங்க மாப்பிள்ளைக்கு சீட்டு அனுப்பினதை நான்தான் அவகிட்ட சொன்னேன். ரூம் ஒன்பது நாளுக்கும் உங்களுக்கு இருக்கு. தயிர் ஃபிரிட்ஜ்ல இருக்கு, மாத்திரை நீல டப்பாவுல. கண்ணாடியை மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்க, மேசை மேல இருக்கு." அவ்வளவுதான். பின்னாடி சுபா என்னமோ சொல்றா, ரெண்டு பேரும் சிரிக்கறாங்க.

எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. யாருக்காக இந்த ரெண்டு மாசம் தூங்காம உக்காந்தேன்? மாப்பிள்ளைகிட்ட என்ன சொல்றது? பாவம், அவர் காலைலயே கோல்ஸ் பேயில போய் நிக்கறார். ஆறு தடவை போன் அடிச்சுட்டார், நான் எடுக்கல. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எடுக்கறது?

உங்களைக் கூப்பிட்டது எதுக்குன்னா, இதோ, பத்தரைக்கு அவ போன்ல இருந்து ஒரு போட்டோ வந்திருக்கு. ஒரு ஏரிக்கரை, தமயந்தி போர்டு பக்கத்துல நிக்கறா. போர்டுல பேரு போட்டிருக்கு, கண்ணாடி இல்லாம எனக்குப் படிக்க வரல. கவுண்டர் பொண்ணுகிட்ட காட்டினா ஏன் எதுக்குன்னு கேப்பா, எனக்கு இங்கிலீஷ்ல அவ்வளவு கதை சொல்ல வராது. நீங்க படிச்சுச் சொன்னீங்கன்னா, அதை மாப்பிள்ளைக்குச் சொல்லிடலாம். அவர் கார்ல வேகமாப் போய் இன்னிக்கே மடக்கிடுவார். எல்லாம் இன்னும் கை மீறிப் போகல. நாலஞ்சு மணி நேரம் லேட், அவ்வளவுதானே.

இருங்க, அடிக்குது. அவர்தான். எடுத்துடறேன், எத்தனை தடவைதான் விடறது. ஹாரன் கேட்டுக் கேட்டு எனக்குக் காது கொஞ்சம் மந்தம், போன்னா ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும். தப்பா எடுத்துக்காதீங்க.

ஆங், மாப்பிள்ளை, சொல்லுங்க... இல்ல, இன்னும் வந்து... டிராஃபிக் இல்ல... ஏழு மணிக்கு எந்திரிச்சிருப்பா... யார்கிட்ட பேசினான்னு தெரியலயே... முகமா? முகம் எப்பவும் போலதான்... என்ன சட்டையா? கவனிக்கலயே மாப்பிள்ளை... அத்தைகிட்டயா? அவங்க ரெண்டு பேரும் என்ன பேசினாங்கன்னு எனக்கு... ம்... சாவியா? சாவி அவகிட்டதானே இருக்கும்... பாஸ்போர்ட்டை நான் எதுக்கு... ம்... ம்... இல்ல, நான் உங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன். இல்ல, வெக்கறேன் மாப்பிள்ளை.

கேட்டுச்சா உங்களுக்கு? குனிஞ்சுக்கிட்டீங்க, ஆனா கேட்டிருக்கும்.

வண்டி வந்து நின்னதும் முதல்ல சாவியை நான் வாங்கி அவர் கையில கொடுத்துடணுமாம். அப்புறம் போன். அப்புறம் அவ பாஸ்போர்ட்டை என் பையில எடுத்து வெச்சுக்கணுமாம். "அப்புறம் பாக்கறேன் மாமா, எங்க போறான்னு"ங்கறார். கத்தல. கோபமா ஒண்ணும் சொல்லல. மெதுவாத்தான் சொன்னார், சாமான் லிஸ்ட் சொல்ற மாதிரி.

நானும் நிறையக் கேள்வி கேக்கறவன்தான் தம்பி. இல்லன்னு சொல்லல. தமயந்தி மார்க்கெட்ல இருந்து வந்தா ஏன் அஞ்சு நிமிஷம் லேட்டுன்னு கேப்பேன். வழியில யாரைப் பாத்தேன்னு கேப்பேன். ஆனா அவகிட்ட சாவியை வாங்கினதில்ல. சாவின்னு அவகிட்ட எதுவும் இருந்ததில்ல, அது வேற விஷயம்.

முந்தின வருஷ தீபாவளிக்கு ரெண்டு பேரும் நம்ம ஊருக்கு வந்தப்ப, மாப்பிள்ளை ஃபிரெண்டைப் பாக்க வெளிய போயிருந்தார். சுபா தோசை சுட்டுக்கிட்டு இருந்தா. போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. தோசை கருகுது, அவ திருப்பல. நான் அடுப்புச் சூடு அதிகம்னு நினைச்சேன். "எடும்மா, பாவம் அக்கறையாக் கூப்பிடறார்"ன்னு நானே போனை எடுத்து அவ காதுல வெச்சேன். என் கையால வெச்சேன் தம்பி. அவ என்னைப் பாத்தா. அந்தப் பார்வையைப் பாத்துட்டு நான் டிவியைப் போட்டு உக்காந்துட்டேன்.

இப்ப எனக்குப் பயமா இருக்கு. அந்தத் தாள்ல அவ எந்த நிமிஷம் எந்த ஊர்ல இருப்பான்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன். அவளை இவ்வளவு சுத்தமா யாராலும் பிடிச்சுக் கொடுத்திருக்க முடியாது. தமயந்தி சொல்லாம இருந்திருந்தா ரெண்டு நாப்பதுக்கு நானே அவகிட்ட சாவியைக் கேட்டிருப்பேன். கேட்டிருப்பேன், சத்தியமா.

போட்டோவைப் பாத்துட்டீங்களா? பேரைப் படிச்சுட்டீங்களா? சொல்லாதீங்க. எனக்குத் தெரிஞ்சா வாயில வந்துரும். போனைக் கொடுங்க இப்படி. நான் கூப்பிடணும். அஞ்சு நிமிஷம்னு சொன்னேன், ஆறாவது நிமிஷம் அவரே அடிச்சுருவார்.

ஹலோ மாப்பிள்ளை. ஒண்ணுமில்ல, வண்டியில ஒரு டயர்ல காத்து எறங்கிருச்சு, மாத்திக் கொடுத்தாங்க. இப்பத்தான் எடுத்திருக்கோம்... முன்னாடி உக்காந்து ஓட்டிக்கிட்டு இருக்கா, பேச முடியாது... இல்ல இல்ல, நீங்க எதிர்ல வராதீங்க! உங்க காரைப் பாத்தா திருப்பிக்கிட்டுப் போயிடுவா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. அங்கயே நில்லுங்க. வழியில ஸ்வான்ஸியில சாப்பாடு, அஞ்சேகாலுக்கு அங்க... ராகு காலம் அஞ்சு வரைக்கும் மாப்பிள்ளை, நான்தான் நிறுத்தி வெச்சேன்... இன்னிக்கு முடியலன்னாலும் நாளைக்கு செயின்ட் ஹெலன்ஸ் இருக்கே, காலைல பதினொண்ணுக்கு. நான் சொல்றப்பதான் கிளம்பணும். ஆமா. டைமிங் என் கையில இருக்கு. வெக்கறேன்.

முடிஞ்சுது. தண்ணி இருக்கா? கொஞ்சம் கொடுங்க.

இன்னிக்குத் தாங்கும். நாளைக்கும் தாங்கும். சனிக்கிழமைதான் சிக்கல். அவங்க ரெண்டு பேரும் வலமா வர்றாங்க, அவன் என் தாளைப் பாத்து இடமாப் போறான். தீவு பாருங்க, எங்கயாச்சும் ஒரு இடத்துல நேருக்கு நேர் வந்துருவாங்க. அந்த கிராஸிங் விழக் கூடாது. அவனை செயின்ட் ஹெலன்ஸ்ல ஒரு நாள் கூட நிறுத்தி, அப்புறம் வந்த வழியே தெற்கே திருப்பணும். அவங்க கிழக்கே வர்றதுக்குள்ள அவன் மேற்கே போயிருக்கணும். ஒன்பது நாளும் பாதித் தீவு தூரத்துல வெச்சு ஓட்டணும். முடியும். எழுதிப் பாத்தா முடியும். சூலத்தையெல்லாம் அப்புறம் பாக்கலாம்.

உங்க வீட்டம்மா கைகாட்டறாங்க, சாவி கொடுத்துட்டாங்க போல. கிளம்புங்க. பேனா இருந்தா மட்டும் கொடுத்துட்டுப் போங்க தம்பி. நாளைக்கு அவன் எங்க நிக்கணும்னு நான் இப்பவே எழுதியாகணும்.